இரண்டு வெட்டுக்கு நடுவில்

பலகையில் முப்பத்தொன்று என்று சிவப்பாக எரிந்தது. கையில் இருந்த சீட்டில் முப்பத்தெட்டு. அருமைநாயகம் நாக்கை வலது கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி, தாடையை அசைக்காமல், பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏழு பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம் வைத்தாலும் எழுபது நிமிஷம். அதுவரை அது சும்மா இருக்குமா. வராது என்று நினைத்தால் வரும். வரும் என்று நினைத்தாலும் வரும். நினைக்காமல் இருக்கலாம், ஆனால் நினைக்கவில்லை என்று நினைப்பதும் ஒரு நினைப்புதான், அந்தச் சந்து வழியாகவும் உள்ளே வர அது படித்து வைத்திருக்கிறது. மதுரையில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டியவனுக்கு ஏசியை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. நேரே மூஞ்சியைக் குறிவைத்து மாட்டியிருக்கிறான். காற்று ஆகாது. தண்ணீர் ஆகாது. பிரஷ் ஆகாது, சவரக்கத்தி ஆகாது, தோசை ஆகாது, பேச்சு ஆகவே ஆகாது. பேச்சு ஆகாததில் நஷ்டம் ஒன்றும் இல்லை, எழுபத்தோரு வயதுக்கு மேல் ஒருத்தன் என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போகிறான். ஏசிக் காற்று கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி இடது கன்னத்தைத் தேடி வந்தது. இதோ, இதோ என்று பல்லைக் கடித்தார், கடிக்கக் கூடாது என்று விட்டார், கண்ணை மூடிக்கொண்டார். வரவில்லை. காற்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், இடது பக்கம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி செல்லபுஷ்பம் எக்ஸ்ரே உறையை அவர் கன்னத்துக்கும் காற்றுக்கும் நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதில் எழுதியிருப்பதை வாசிக்கிறவள் மாதிரி. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கண்ணாடி கைப்பைக்குள் கிடக்கிறது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கை ஆடவில்லை. வார்டில் நர்ஸாக முப்பத்தாறு வருஷம் டிரிப் பாட்டில் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் போல.

எதிர் பெஞ்சில் தலையில் மப்ளர் சுற்றியிருந்த ஒரு அம்மாள் வெகுநேரமாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"ஐயாவுக்கு என்ன செய்யுது?"

"மூஞ்சில வலி."

"பேச வராதாக்கும்?"

"வரும். நல்லா இருக்கும்போதே இவிய பேசமாட்டாவ. இப்ப அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு," என்றாள் செல்லபுஷ்பம், உறையை இறக்காமல்.

அந்த அம்மாள் மப்ளருக்குள் சிரித்தாள். சிரிக்கட்டும். உண்மைதானே. தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் ஓட்டியவனுக்குப் பேச்சு எதற்கு. எழுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, கீழே கப்பல் தட்டில் ஒருத்தன், அவன் கையைக் காட்டுவான், இவர் நெம்புகோலைத் தொடுவார். அந்த ஊமைக் கச்சேரியை வீட்டுக்கும் கொண்டுவந்து நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. அதனால்தான் வந்தது வினை. பேசாதவன் ஒருநாள் பேச முடியாதவனாக ஆனால் எவனுக்குத் தெரியும். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மாசிமாதம் முதல் வெட்டு வந்தபோது பல்வலி என்று நினைத்தார். காதுக்கு முன்னால் தொடங்கி உதட்டோரம் வரை, மின்னல் வெட்டுகிற மாதிரி, எண்ணி எட்டு நொடி. பல் டாக்டர் நல்ல மனுஷன், பல்லில் கோளாறு ஒன்றும் தெரியவில்லையே என்று மூன்று தடவை சொன்னான். பிடுங்கு என்றார் இவர். பிடுங்கினான். வெட்டு நிற்கவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கு என்றார். அதற்கும் பக்கத்துப் பல். மூன்றும் நல்ல பல், பால் மாதிரி வெள்ளை. நாலாவதைக் கேட்கப் போனபோது அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான். மூன்று நல்ல பல்லைப் பிடிவாதமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் போய் வலி அப்படியேதான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது. சரியாகிவிட்டது என்று சொன்னார். அதுதான் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம். பிறகு வாயைத் திறக்கவில்லை, பேசினால் வெட்டும் என்பதால். இடது கன்னத்தில் சவரம் இல்லை. தட்டில் பாதிச் சோறு மிச்சம். ராத்திரி ஃபேனை அணைத்துவிட்டு வேர்வையில் கிடப்பது. இதை எல்லாம் பார்த்துவிட்டு வீடு முழுக்க என்ன முடிவுக்கு வந்தது என்றால், பெரியவருக்குக் கோபம். என்ன கோபம் என்றுதான் தெரியவில்லை. மகள் போனில் அம்மாவை விசாரித்தாள். மருமகன் ஒரு சட்டை எடுத்து அனுப்பினான். சபையில் இருந்து இரண்டு மூப்பர்கள் வந்து சமாதானத்தைப் பற்றி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள், அவரும் தலையைக் குனிந்து ஆமென் மட்டும் சொல்லாமல் இருந்தார். அது இன்னும் மோசமாயிற்று.

கடைசியில், மூன்று வாரத்துக்கு முன்னால், மைத்துனன் துரைசிங் வந்தான், திருநெல்வேலியில் இருந்து, கையில் அல்வாவோடு. அத்தான், அக்கா ஏதும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வைக்காதிய என்று ஆரம்பித்தான். அவள் வாய் அப்படித்தான், சின்னப் பிள்ளையில் இருந்தே அப்படித்தான் என்று ஒரு பட்டியல் வாசித்தான், அதைக் கேட்டு உள்ளே இருந்து அவள் பாத்திரத்தை ஒரு இடி இடித்தாள். ஒரு வாய் அல்வா தின்னுங்க, எல்லாம் சரியாப் போயிரும் என்று இலைத்துண்டில் வைத்து நீட்டினான். மரியாதைக்கு வாயில் போட்டார். அல்வா போய் இடது பக்கம் ஒட்டியது. வெட்டு. ஒன்று இல்லை, தொடர்ந்து மூன்று. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார், கண் பிதுங்கி, மூச்சு இல்லாமல். தன்னை அடிக்கத்தான் எழுந்திருக்கிறார் என்று துரைசிங் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டினான். அவள் மட்டும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு இவரைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இவருடைய இடது கண்ணைப் பார்த்தாள், அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. எத்தனை நாளா என்றாள். இவர் ஏழு விரலைக் காட்டினார். ஏழு நாளா. இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் முகம் அப்போது ஒரு மாதிரி ஆயிற்று. ஏழு மாசமா. துரைசிங் சுவரோரம் இருந்தபடியே, அப்ப கோவம் இல்லியா என்றான். அவள், நீ அந்த அல்வாவ மூடி வை முதல்ல என்றாள்.

முப்பத்து நாலு. பலகை மெதுவாகத்தான் நகர்கிறது. உள்ளே இருக்கிற டாக்டர் அஸ்ஸாம்காரர், பரூவா என்று பேர், தமிழ் தெரியாது, நரம்பு சமாசாரத்தில் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். தமிழ் தெரியாத ஆளிடம் போய் என்ன சொல்வது, தமிழ் தெரிந்த ஆளிடமே சொன்னதில்லை. வலி. அவ்வளவுதான் அவர் அகராதி. ஒருதரம் வயிற்றுக் கோளாறில் சுருண்டு கிடந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குடையுதா, பிசையுதா, காந்துதா, இழுத்துப் பிடிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வலிக்குது, போதும் போ என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அது போதாது. அவள் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் மில்வர்ட் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தாள், தமிழ் அரைகுறை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் தொங்குகிற தாளில் ஒரு கட்டம் உண்டு, அதில் நோயாளியின் வலி எப்படிப்பட்டது என்று நர்ஸ் இங்கிலீஷில் எழுத வேண்டும். வெறுமனே பெயின் என்று எழுதினால் தாள் திரும்பி வரும். அந்தப் பாடத்தை அந்த அம்மாள் நடத்திய விதத்தைக் கல்யாணமான புதிதில் அவள் சொன்னபோது இவர் காது கொடுக்காத மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். விரல் நுனியில் சணல் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு உட்காரவைப்பாளாம். ரத்தம் முட்டி விண்விண் என்று இடிக்கும்போது சொல்வாளாம், இதுதான் த்ராபிங், மறக்காதே. உள்ளங்கையில் ஐஸ்கட்டி, அது உருகும்வரை. உள்ளே எலும்போடு கனக்கிறதே, அது ஏக். அரைத்த மிளகாய் பர்னிங். காஞ்சொறி இலை ஸ்டிங்கிங். சம்மணம் போட்டு ஒரு மணி நேரம், கால் மரத்து, எழுந்தால் எறும்பு ஓடுகிறதே, அது டிங்ளிங். முழங்கை நரம்பைக் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டு விரல்வரை ஓடுவதைப் பார்த்தால் ஷூட்டிங். பதினெட்டு வயதுப் பெண் பிள்ளைகள் இருபது பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, கயிறு கட்டியும் மிளகாய் தேய்த்தும், ஒவ்வொரு சொல்லாகத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது.

வெள்ளைக்காரன் எத்தனை விதமா அடி வாங்கியிருந்தா இத்தனை பேரு வச்சிருப்பான் என்று அப்போது கேலி பண்ணினார். அடி எல்லாரும்தான் வாங்குதோம், அவன் எழுதி வச்சான் என்றாள். தமிழில் என்ன குறை என்று இவர் விடவில்லை, வீம்புக்கு. ஒரு குறையும் இல்ல, குத்து, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், காந்தல், இசிவு, எல்லாம் இருக்கு, உங்க வாயிலதான் இல்ல என்றாள். ஆனால் ஒன்று, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அந்தக் கயிறு கட்டின பாடம் சரியான பாடம். கிரேனில் ஏறுவதற்கு முன்னால் இவரையும் அப்படித்தான் செய்தார்கள். பழைய ஃபோர்மன் ஒருத்தன், பலகைத் தட்டில் இவரை நிற்கவைத்துக் கயிற்றில் மாட்டி நாற்பது அடி தூக்கினான், ஒரு ஆட்டு ஆட்டினான், சட்டென்று நிறுத்தினான். குடல் தொண்டைக்கு வந்தது. இறங்கினதும் சொன்னான், நீ தூக்குற சரக்குக்கு இப்படித்தான் இருக்கும், இனிமே நெம்புகோலத் தொடு. அதற்குப் பிறகு முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட அவர் தொப்பென்று வைத்ததில்லை. அவளும் அப்படி வந்தவள்தான். மிஷன் வார்டில் அவள் எழுதின கட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா நோயாளியைத் தொடாமலே பாதி வைத்தியத்தை முடிவுபண்ணுவாள் என்று ஊரில் சொன்னார்கள், அவள் சொன்னதில்லை. இந்த ஏழு மாசமும் அவள் கண்ணுக்குத் தப்பினதுதான் அதிசயம். தப்ப வைத்தது யார். இவர்தான். மூஞ்சியை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருந்தால் எந்த நர்ஸ் என்ன செய்வாள். உள்ளே கட்டி ஏதும் இருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை ஒதுக்கினார். அது ஒதுங்கின இடத்தில் நாலாவது பல் வந்து உட்கார்ந்தது. பிடுங்கணும் என்றால். அதற்கப்புறம் ஐந்தாவது. பிடுங்கினாலும் நிற்காது என்று இவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியவேண்டுமே. ஒரு பக்கம் முழுக்க வெறும் ஈறாகி, அந்த வெறும் ஈறிலும் வெட்டு வந்துகொண்டிருந்தால். முப்பத்தேழு. அவள் எக்ஸ்ரே உறையை வலது கைக்கு மாற்றாமலே இவ்வளவு நேரமும் பிடித்திருக்கிறாள். வலிக்கும். அவளுக்கு அது என்ன வகை வலி, என்ன பேர், அதை அவளிடம் கேட்கவேண்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. முப்பத்தெட்டு.

டாக்டர் சின்ன வயசு. கண்ணாடி. உட்காருங்க என்று மட்டும் தமிழில் சொன்னார், அதுவும் உக்காரங்க என்று. செல்லபுஷ்பம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை. ரவுண்ட்ஸில் நர்ஸ் உட்கார மாட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், பேச ஆரம்பித்தாள். லெஃப்ட் சைடு, டாக்டர். சடன். காதுக்கு முன்னாலிருந்து உதட்டோரம் வரை விரலால் தன் முகத்தில் கோடு போட்டாள், இவர் முகத்தைத் தொடவில்லை. ஷூட்டிங் என்றாள். ஷூட்டிங் என்றால் சினிமாக்காரன் ஊருக்கு வருவது என்றுதான் இவர் வைத்திருந்தார், இப்போது அந்தச் சொல் அவள் வாயில் இருந்து புறப்பட்ட விதத்தைக் கேட்டதும் உடம்பு தெரிந்துகொண்டது, அது எங்கேயோ தொடங்கி ஓடி வந்து அடிக்கிறது, அதேதான். ஸ்டாபிங் என்றாள். அதுவும் அதேதான், உள்ளே போகும்போது ஒரு முட்டு, நிற்கும்போது ஒரு முட்டு. லைக் எலெக்ட்ரிக் ஷாக், எய்ட் செகண்ட்ஸ். எப்போது எண்ணினாள். அல்வா அன்றைக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் எண்ணியிருக்கிறாள். காற்று என்றாள், பிரஷ் என்றாள், ஷேவிங் என்றாள், டாக்கிங் என்றாள், விரல் விரலாக மடக்கி. பிறகு ஈட்டி பாய்கிற மாதிரி ஒரு சொல் சொன்னாள், டாக்டர்கள் மட்டும் புழங்குகிற சொல், லான்சினேட்டிங், டாக்டர். அந்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார் போல. வார்ட் நம்பர் டூ, டாக்டர் என்றாள். அவ்வளவுதான். பெருமை அடிக்கவில்லை. அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தன் ஏழு மாசமும் இன்னொருத்தி வாயில் இருந்து வரிசையாக, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆடாமல், இடிக்காமல், வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாள் ஒவ்வொன்றையும். பத்தாம் வகுப்போடு நிறுத்திய இவருக்குப் பாதிச் சொல் தெரியாது. ஆனால் எது தன்னுடையது என்று தெரிந்தது. எல்லாம் தன்னுடையது.

டாக்டர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார், எதையோ பிடித்துவிட்டவர் மாதிரி. எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். இன் பிட்வீன் என்பது மட்டும் காதில் விழுந்தது. செல்லபுஷ்பம் தயங்கவில்லை.

"டல் ஏக், டாக்டர். கன்டினியூவஸ். ஹோல் டே."

அதை எழுதி முடித்ததும் பேனா நின்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கி, எழுதின தாளை ஒருதரம் பார்த்து, அதை ஒதுக்கிவிட்டு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நாலாவது பல்லில் போய் நின்றது. நாள் முழுக்கக் கனத்தால் அது பல்தான் என்று முடிவுபண்ணினவர் மாதிரி, டெண்டல் என்றார். ரூட் என்றார். எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றார், பிடுங்குவது, அந்தச் சொல் இவருக்கு நன்றாகத் தெரியும், மூன்று சீட்டில் வாசித்திருக்கிறார். டல் ஏக். டல் என்றால் மந்தம், அது எவனுக்கும் தெரியும். ஏக் என்றால் ஐஸ்கட்டி, உள்ளே கனக்கிற வலி. நாள் முழுக்க. எங்கே பார்த்தாள் அதை. அப்படி ஒன்று இல்லையே. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே வலி என்று ஒரு பொட்டு இல்லை, கன்னம் பச்சைப்பிள்ளைக் கன்னம் மாதிரிச் சும்மா இருக்கும். பின்னே இந்த மூன்று வாரமாக அவள் பார்த்த மூஞ்சி, தாடை இறுகி, கண் ஒரு இடத்தில் குத்தி, சாப்பாட்டுத் தட்டைப் பாம்பைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு. அவள் அதை வாசித்தாள். சரியாகத்தான் வாசித்தாள், ஏதோ ஒன்று நாள் முழுக்க உள்ளே கனக்கிறது என்று. அது வலி இல்லை, வேறொன்று என்று அவளுக்கு எப்படித் தெரியும். அது அவருக்கு உண்டு என்று நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லையே. சொல்லலாம். சொன்னால் வெட்டும். சொல்லாமல் விட்டால் நாலாவது பல் போகும். போகட்டும் என்று விடலாம், டாக்டர் முன்னால் அவள் இங்கிலீஷை மறுத்துப் பேசுவதா, இவ்வளவு நேரம் ராணி மாதிரி நின்று பேசினவளை. கையைத் தூக்கினார். தண்ணியா என்றாள். தலையை ஆட்டினார். பாத்ரூமா என்றாள்.

"இல்ல," என்றார் அருமைநாயகம்.

குரல் துருப்பிடித்துப்போய் வந்தது. அவள் திரும்பினாள்.

"நடுவுல வலி இல்ல. ஒண்ணுமே இல்ல, புஷ்பம்..."

வெட்டியது. காதில் இருந்து உதட்டுக்கு, வெள்ளையாக, அறை முழுக்க வெள்ளையாக, மூச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, மேசை விளிம்பு கையில் இருக்கிறது, அது மட்டும் இருக்கிறது, டாக்டர் பாதி எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்க்கிறாள், போகிறது, போகிறது, போய்விட்டது. ஒன்றும் இல்லை. பச்சைப்பிள்ளைக் கன்னம். மறுபடி வாயைத் திறந்தால் மறுபடி வரும். திறந்தார்.

"பயம். அடுத்தது எப்பம்னு. எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் அதான். உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ பாத்தது அதைத்தான்."

வெட்டு வரவில்லை. வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள், வரவில்லை. செல்லபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையில் துடைத்தாள், வேண்டியதற்கும் மேலே துடைத்தாள், திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், ஐ வாஸ் ராங்," என்றாள். "நோ டல் ஏக். இன் பிட்வீன், நத்திங்."

மேசைமேல் குனிந்து, அந்தச் சொல் இருந்த இடத்தில் விரலை வைத்து, டாக்டர் அதை அடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. துறைமுகத்தில் எத்தனை சூப்பர்வைசரைப் பார்த்திருக்கிறார், தப்புக் கணக்கில் சரக்கைத் தூக்கச் சொல்லிவிட்டு, கயிறு அறுந்த பிறகும் கயிற்றின்மேல் பழி போட்டவன்களை. ஒருத்தன் வாயில் இருந்தும் இந்த வார்த்தை வந்ததில்லை. இவள் அதைக் காய்ச்சல் டிகிரி பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் தள்ளிவிட்டு, ஒதுக்கின தாளை இழுத்து, விட்ட இடத்தில் இருந்து வேகமாக எழுதினார். நெர்வ் என்றார். டேப்ளெட் என்றார். உறுதிப்படுத்த ஒரு ஸ்கேன் என்றார். டீத் என்று சொல்லிக் கையை அகல விரித்துக் காட்டினார், பல்லை யாரும் தொடக்கூடாது என்று அதற்கு அர்த்தம், அது கிரேன்காரனுக்குத் தெரியாதா.

"நரம்புதானாம். பல்லுல ஒண்ணும் இல்ல," என்றாள் அவள் தாழ்வாக. "மாத்திரையில அடங்குமாம்."

டாக்டர் பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உங்கள் கணவர் இன்னும் நிறையச் சொன்னாரே, மீதி என்ன, எழுதவேண்டுமா என்று கேட்டார். கேட்டது அதுதான் என்று டாக்டர் முகத்திலேயே தெரிந்தது.

"நோ, டாக்டர்," என்றாள் செல்லபுஷ்பம். "தட் வாஸ் ஃபார் மீ."

அந்த இங்கிலீஷ் அருமைநாயகத்துக்கு முழுசாகப் புரிந்தது.